ரத்தப் பரிசோதனையில் ஆறு சிவப்புக் குறிகள்: எதற்குப் பயப்பட வேண்டும்?

பொருநைக்கரை:

வணக்கம். வயது 41, ஊர் பாளையங்கோட்டை. கணக்கர் வேலை, பகல் முழுவதும் நாற்காலிதான். புகை, மது இரண்டும் இல்லை. சைவச் சாப்பாடு. ரத்த அழுத்தம் 128/84. இடுப்புச் சுற்றளவு 96 செ.மீ. அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இன்றும் தோட்ட வேலை பார்க்கிறார். சித்தப்பாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 46 வயதில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்திலேயே முடிந்துவிட்டது.

இதையெல்லாம் மனதில் வைத்து, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு தனியார் ஆய்வகத்தில் 'முழு இதயப் பரிசோதனை' என்று ஒரு பேக்கேஜ் எடுத்தேன். அறிக்கை கல்யாணப் பத்திரிகை மாதிரி வழவழவென்று வந்திருக்கிறது. உள்ளே ஆறு இடங்களில் சிவப்பு.

மொத்தக் கொழுப்பு 188, 'கெட்ட கொழுப்பு' என்கிற எல்டிஎல் 112: இரண்டும் பச்சை. டிரைகிளிசரைடு 212, எச்டிஎல் 34, அப்போ-பி 118, எல்பி-ஏ 71 (மி.கி./டெசிலிட்டர் என்று போட்டிருக்கிறது), எச்எஸ்-சிஆர்பி 6.8, ஹோமோசிஸ்டீன் 28: ஆறும் சிவப்பு. ட்ரோபோனின் கண்டறியும் அளவுக்கும் கீழே. வேறு பக்கங்களில் பி12 142 என்றும் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 5.8 என்றும் இருக்கின்றன.

எங்கள் குடும்ப மருத்துவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "எல்டிஎல் நார்மல், நடைப்பயிற்சி போங்கள்" என்றார். மனைவி கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாளாகத் தூங்கவில்லை. இந்த ஆறில் எது உண்மையான ஆபத்து? ட்ரோபோனின் இவ்வளவு குறைவாக இருந்தால் சில வருடங்களுக்காவது மாரடைப்பு வராது என்று எடுத்துக்கொள்ளலாமா?

காட்டூரான்:

இந்தப் பேக்கேஜ்கள் எல்லாம் ஆளைப் பயமுறுத்திக் காசு பார்க்கும் ஏற்பாடு. எல்டிஎல் 112 நல்ல எண். உங்கள் டாக்டர் சொன்னதுதான் சரி. மனம் கேட்கவில்லை என்றால் சிடி ஸ்கேனில் கால்சியம் ஸ்கோர் பாருங்கள். இதயக் குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா இல்லையா என்று நேரடியாகவே தெரிந்துவிடும். ரத்தத்தை வைத்து ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. என் மாமனாருக்கு அப்படித்தான் பார்த்தோம். மருதம்பட்டைக் கஷாயமும் குடித்து வாருங்கள்.

சீரம்:

தம்பி, நான் மருத்துவர் இல்லை. அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் உயிர்வேதியியல் பிரிவில் காலம் தள்ளி ஓய்வுபெற்றவள். எண்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் நாலு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்.

ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய மூன்று வாரத்தில் காய்ச்சல், பல்வலி, சளி ஏதாவது உண்டா? முந்தின இரவு என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு? சத்து மாத்திரை, குறிப்பாக முடிக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா? ரத்தம் எடுத்த பிறகு அந்தக் குழாய்கள் எங்கே போயின?

கடைசிக் கேள்விக்குச் சிரிக்காதீர்கள். உங்கள் சிவப்பில் ஒன்று அந்தப் பயணத்தில் வந்ததாகக்கூட இருக்கலாம்.

பொருநைக்கரை:

அம்மா, பத்து நாள் முன்பு வைரஸ் காய்ச்சல் வந்து போனது. இருமல் அப்போது கொஞ்சம் மிச்சம் இருந்தது. முந்தின இரவு மைத்துனர் வீட்டு நிச்சயதார்த்தம். பந்தியில் உட்காரும்போதே பத்தரை ஆகிவிட்டது, பாயசம் இரண்டு முறை. காலை ஆறரைக்கு ரத்தம் எடுத்தார்கள். முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் 10 மி.கி. தினமும் சாப்பிடுகிறேன். ரத்தம் எடுத்த பையன் குழாய்களைத் தோள்பையில் போட்டுக்கொண்டு, இன்னும் மூன்று வீடு பாக்கி என்று பைக்கில் கிளம்பினான். சோதித்த ஆய்வகம் சென்னை என்று அறிக்கையில் இருக்கிறது.

சீரம்:

நான் நினைத்தபடியேதான் இருக்கிறது. ஆறையும் ஒரே நிறத்தில் அச்சடித்து உங்கள் மனைவியின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறார்கள். இந்த ஆறும் ஒரே ஜாதி எண்கள் இல்லை. சில எண்கள் நோயை உண்டாக்கும் பொருளையே அளக்கின்றன. சில, நோய் இருக்கும் உடலில் கூடவே தென்படும் அடையாளங்கள். அவற்றை மருந்து போட்டு மாற்றினாலும் மாரடைப்பு குறையாது. அறிக்கை அச்சடிக்கும் கணினிக்கு இந்த வேறுபாடு தெரியாது.

முதலில் ஹோமோசிஸ்டீன், ரத்தத்தில் இருக்கும் ஒரு அமினோ அமிலம். ரத்தம் குழாய்க்குள் வந்த பிறகும் சிவப்பணுக்கள் உயிரோடுதான் இருக்கும். ஹோமோசிஸ்டீனை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்குச் சுமார் பத்து சதவீதம் ஏறும். அதனால்தான் பனிக்கட்டியில் வைத்து உடனே சுழற்றிப் பிரிக்க வேண்டும் என்பது விதி. உங்கள் ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்புவதற்கு முன்பே இங்கே பிரித்திருப்பார்கள். பிரிப்பதற்கு முன், திருநெல்வேலி வெயிலில், மூன்று வீடு சுற்றிய நேரம்தான் என் சந்தேகம். 28இல் எவ்வளவு உங்களுடையது, எவ்வளவு அந்தத் தோள்பையினுடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் பி12 142 உண்மைக் குறைவு. சைவச் சாப்பாட்டுக்காரர்களிடம் அடிக்கடி பார்க்கிற எண்தான். அது குறைந்தால் ஹோமோசிஸ்டீனும் ஏறும். அதற்கு மருத்துவரிடம் கேட்டு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்ளுங்கள். நரம்புக்கும் ரத்தத்துக்கும் தேவை. இதயத்தைக் காக்கும் என்று நினைத்துச் சாப்பிட வேண்டாம். ஹோமோசிஸ்டீன் குழாய்களைக் கெடுக்கிறது என்று கில்மர் மெக்கல்லி 1969இலேயே எழுதினார். பிறகு உலகமே அதன் பின்னால் ஓடியது. 2006இல் வந்த ஹோப்-2 ஆய்வில் ஃபோலிக் அமிலமும் பி6, பி12ம் கொடுத்தார்கள். எண் அழகாக இறங்கியது; மாரடைப்பும் இதய மரணமும் இறங்கவில்லை.

அடுத்தது சிஆர்பி. 1930இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்த புரதம் இது. பிறவியிலேயே தொற்றின் உறவுக்காரன். நுண்ணளவில் அளக்கும் முறை வந்த பிறகுதான் இதயத்துக்குப் பயன்படுத்தினார்கள்: 1க்குக் கீழே குறைந்த ஆபத்து, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம். அதெல்லாம் உடம்பு சாதாரணமாக இருக்கும்போது. காய்ச்சல் விட்டுப் பத்து நாளில், இருமலோடு எடுத்த 6.8க்கு இதய அர்த்தம் எதுவும் கிடையாது. முழுக்கக் குணமான பின், இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி பாருங்கள். அப்போதும் 2க்கு மேல் நின்றால் அது மருத்துவரின் கணக்கில் ஒரு புள்ளி கூட்டும். 2008இல் வந்த ஜூபிட்டர் ஆய்வு அப்படிப்பட்டவர்களைத்தான் எடுத்தது: எல்டிஎல் 130க்குக் கீழே, சிஆர்பி 2 அல்லது அதற்கு மேல், 17,802 பேர். ரோசுவாஸ்டேட்டின் என்ற, ஸ்டேட்டின் வகைக் கொழுப்புக் குறைப்பு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை 44 சதவீதம் குறைந்தன. ஆனால் ஸ்டேட்டின் எல்டிஎல்லையும் பாதியாகக் குறைத்தது என்பதை மறந்து, சிஆர்பியைக் குறைத்ததால் வந்த பலன் என்று சொல்லக் கூடாது. பிறவி மரபணுவால் சிஆர்பி கூடுதலாக இருக்கிறவர்களைப் பார்த்தபோது அவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வரவில்லை.

எச்டிஎல் 34. 'நல்ல கொழுப்பு' என்று பெயர் வைத்ததிலிருந்து இதை ஏற்ற எல்லாரும் அலைகிறார்கள். டார்செட்ராபிப் என்ற மருந்து எச்டிஎல்லை எழுபது சதவீதத்துக்கு மேல் ஏற்றியது. சுமார் 15,000 பேரிடம் நடந்த ஆய்வில் மருந்து சாப்பிட்டவர்களிடம் மரணம் கூடியதால் 2006 டிசம்பரில் நிறுத்தினார்கள். உங்களுக்கு எச்டிஎல் குறைவு, டிரைகிளிசரைடு அதிகம், இடுப்பு 96, எச்பிஏ1சி 5.8: இந்த நாலும் சேர்ந்து ஒரே கதையைத்தான் சொல்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறீர்கள். நம் ஆண்களுக்கு இடுப்பு எல்லை 90. குறைக்க வேண்டியது அதைத்தான். எச்டிஎல்லைத் துரத்த வேண்டாம். பாயசத்துக்கு எட்டு மணி நேரம் கழித்து எடுத்த 212ஐ மட்டும் அப்படியே நம்பாதீர்கள், பன்னிரண்டு மணி நேரம் பட்டினி இருந்து மறுபடி பாருங்கள்.

இனி உட்கார்ந்து படிக்க வேண்டிய இரண்டு.

உங்கள் எல்டிஎல் 112ஐ யாரும் அளக்கவில்லை, தம்பி. 188இலிருந்து எச்டிஎல் 34ஐக் கழித்து, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கான 42ஐயும் கழித்துப் பாருங்கள்: 112. 1972இல் ஃப்ரீட்வால்ட் கொடுத்த சூத்திரம். டிரைகிளிசரைடு 400க்கு மேல் போனால் அது செல்லாது. அதற்குக் கீழேயும் ஏற ஏறத் தடுமாறும். அது சரியாகவே இருந்தாலும், அது சொல்வது, ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து திரியும் எல்டிஎல் துகள்களுக்குள் இருக்கும் கொழுப்பின் எடை. நூறு கிலோ அரிசியை ஐம்பது கிலோ மூட்டையாகக் கட்டினால் இரண்டு மூட்டை. இருபது கிலோ பையாகக் கட்டினால் ஐந்து. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். டிரைகிளிசரைடு கூடியவர்களிடம் எல்டிஎல் துகள் சிறுத்துவிடும், எண்ணிக்கை பெருகிவிடும். ரத்தக் குழாய்ச் சுவருக்குள் நுழைந்து சிக்கிக்கொள்வது துகள். ஒவ்வொரு துகளிலும் அப்போ-பி புரதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்பதால் அதை அளந்தால் துகள்களை எண்ணியதாகிவிடும். இதற்குப் பட்டினியும் வேண்டாம்.

உங்களுக்கு 118. 2019 ஐரோப்பிய வழிகாட்டுதல் மிதமான ஆபத்துள்ளவருக்கு 100க்குக் கீழேயும், அதிக ஆபத்துள்ளவருக்கு 80க்குக் கீழேயும், மிக அதிக ஆபத்துள்ளவருக்கு 65க்குக் கீழேயும் வைக்கச் சொல்கிறது. எந்தப் படியில் உங்களை உட்கார வைத்தாலும் 118 அதிகம். பச்சையாக அச்சடித்த 112 இதைத்தான் மறைத்தது. அப்போ-பி எடுக்க வசதி இல்லாதவர்கள் மொத்தக் கொழுப்பிலிருந்து எச்டிஎல்லைக் கழித்தால் போதும். உங்களுக்கு 154, ஏறக்குறைய அதே செய்தி, காசு செலவில்லாமல்.

கடைசியில் எல்பி-ஏ. எல்டிஎல் துகளின் மேல் இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்டிருக்கும் வடிவம். 1963இல் நார்வேக்காரர் கோரே பெர்க் கண்டுபிடித்தார். இதன் அளவு கிட்டத்தட்ட முழுக்க மரபணு தீர்மானிப்பது. சாப்பாடு, நடை எதற்கும் அசையாது. ஸ்டேட்டினும் குறைக்காது, சிலருக்குச் சற்று ஏறவும் செய்யும். 50 மி.கி.க்கு மேல் ஆபத்து என்று வைத்திருக்கிறார்கள், உங்களுக்கு 71. ஐந்து பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது. தெற்காசியர்களிடம் ஐரோப்பியர்களைவிடச் சராசரி கூடுதல். இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலும் வாழ்நாளில் ஒரு முறையாவது பார்க்கச் சொல்கிறது. அந்த ஒரு முறை உங்களுக்கு முடிந்துவிட்டது. அடுத்த வருடப் பேக்கேஜில் இதற்கு மறுபடி பணம் கட்டாதீர்கள்.

அப்பாவின் 51, சித்தப்பாவின் 46 இரண்டுக்கும் இந்த 71இல் விடை இருக்கலாம். அப்பாவுக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

ட்ரோபோனின் பற்றிக் கேட்டீர்கள். அது இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசிவது. ரத்தம் எடுத்த அன்று காலை உங்கள் இதயத் தசைக்குக் காயம் இல்லை என்று சொல்கிறது, அவ்வளவுதான். அடுத்த வருடத்துக்கு உத்தரவாதம் கிடையாது. அதிலும் நீங்கள் பயோட்டின் சாப்பிடுகிறவர். சில ட்ரோபோனின் சோதனைகள் பயோட்டின் பிணைப்பை வைத்தே இயங்குபவை. ரத்தத்தில் பயோட்டின் அதிகமானால் பொய்யாகக் குறைவு காட்டும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. நெஞ்சுவலி என்று என்றைக்காவது அவசரப் பிரிவுக்குப் போனால், முடி மாத்திரை சாப்பிடுகிறேன் என்று முதல் வேலையாகச் சொல்லுங்கள்.

காட்டூரான்:

அக்கா, நன்றாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அசைக்கவே முடியாத எண்ணைத் தெரிந்துகொண்டு என்ன லாபம்? கவலை மட்டும்தானே மிச்சம்? நான் சொன்ன கால்சியம் ஸ்கோருக்குப் பதிலே இல்லை. பூஜ்யம் வந்தால் நிம்மதியாகத் தூங்கலாமே.

சீரம்:

எல்பி-ஏவை அசைக்க முடியாது, மற்றதை அசைக்கலாம். அதுதான் லாபம். அசையாத சுமை ஒன்று தோளில் இருக்கிறது என்று தெரிந்தால், அசையும் அப்போ-பியை இன்னும் கண்டிப்பாக இறக்கலாம்; ரத்த அழுத்தத்தின் கீழ் எண் 84 என்பதை இன்னும் சீரியஸாக எடுத்துக்கொள்ளலாம். ஸ்டேட்டின் தொடங்குவதா என்று மருத்துவர் தயங்கும் இடத்தில் இந்த எண் தராசைச் சாய்க்கும். எல்பி-ஏவைக் குறைப்பதற்கென்றே பெலகார்சென், ஓல்பசிரான் என்று ஊசி மருந்துகளைப் பெரிய ஆய்வுகளில் சோதித்து வருகிறார்கள். மருதம்பட்டை அதைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் ஒன்றும் நான் பார்த்ததில்லை.

கால்சியம் ஸ்கோர் நல்ல சோதனைதான். உங்கள் மாமனார் வயதில் பூஜ்யம் வந்தால் அது பெரிய ஆறுதல். 41 வயதில் பூஜ்யம் வருவது சாதாரணம். கொழுப்பு படிந்து, சுண்ணாம்பு ஏறுவதற்கு வருடங்கள் ஆகும். சித்தப்பா 46இல் போனார் என்பதை நினைவில் வையுங்கள். வெடிக்கிற படிவு பல சமயம் சுண்ணாம்பு ஏறாத இளம்படிவு. 100க்கு மேல் வந்தால் இந்த வயதில் பெரிய செய்தி. பூஜ்யம் வந்தால் பாதி விடைதான். எடுப்பதா வேண்டாமா என்பதை இதய மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஆபத்துக் கணக்கிடும் சூத்திரங்களும் இந்த வயதில் ஏமாற்றும். பத்தாண்டு ஆபத்து என்று கேட்டால், கணக்கில் வயதுக்குத்தான் பெரிய பங்கு. 41 என்று போட்டதுமே எண் சிறுத்துவிடும். ஃப்ராமிங்ஹாம் கணக்கு 1948இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு சிற்றூர் மக்களிடம் தொடங்கிய ஆய்விலிருந்து வந்தது. பிரிட்டனின் க்யூரிஸ்க் பரவாயில்லை, அதில் 'இந்தியர்' என்று குறிக்க இடம் இருக்கிறது. ஆனால் அதிலும் எல்பி-ஏவுக்கோ அப்போ-பிக்கோ கட்டம் இல்லை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53, மற்றவர்களுக்கு 58.8. உங்கள் குடும்பம் அதற்கும் முந்திக்கொண்டிருக்கிறது.

பொருநைக்கரை:

அம்மா, மிக்க நன்றி. நேற்று ஒரு இதய மருத்துவரைப் பார்த்தோம். எல்பி-ஏவையும் அப்பாவின் வயதையும் பார்த்துவிட்டு அதிக நேரம் யோசிக்கவில்லை. ஸ்டேட்டின் எழுதிக் கொடுத்தார். ஆறு வாரம் கழித்து அப்போ-பியும் கல்லீரல் சோதனையும் பார்க்க வேண்டும், குறி 80க்குக் கீழே என்றார். பி12க்கு ஊசி. சிஆர்பியை அடுத்த மாதம் பார்க்கச் சொன்னார். ஹோமோசிஸ்டீனைப் பேச்சிலேயே எடுக்கவில்லை.

இன்னும் ஒரு சந்தேகம். தூத்துக்குடியில் இருக்கும் என் அண்ணனும் பதறிப்போய் எல்பி-ஏ மட்டும் எடுத்தார். அவருக்கு 118 வந்திருக்கிறது, என்னைவிட மிக அதிகம். அவர் அறிக்கையில் நானோமோல் என்று போட்டிருக்கிறது. அவருக்கும் மாத்திரை வேண்டுமா? என் மகளுக்கு 15 வயது. அவளுக்கும் எடுக்க வேண்டுமா?

சீரம்:

அண்ணன் தன் எல்லைக்குக் கீழே இருக்கிறார், நீங்கள் உங்கள் எல்லைக்கு மேலே, தம்பி. அவருடையது துகள் எண்ணிக்கைக் கணக்கு. அந்த அலகில் எல்லை 125. உங்களுடையது எடைக் கணக்கு, எல்லை 50. இந்தப் புரதத்தின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் ஒன்றை இன்னொன்றாக மாற்ற நம்பகமான பெருக்கல் வாய்ப்பாடு கிடையாது; இணையத்தில் 2.5ஆல் பெருக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். இரண்டு பேரையும் ஒப்பிட ஆசையென்றால் நீங்களும் நானோமோலில் அளக்கும் ஆய்வகத்தில் ஒரு முறை கொடுக்கலாம். தேவை என்று நான் சொல்ல மாட்டேன்.

118 எல்லைக்கு ஒட்டி உள்ளே இருக்கிறது. 75 முதல் 125 வரை இரண்டும் கெட்டான் பகுதி. அந்த எண்ணை மட்டும் வைத்து மாத்திரை வேண்டும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவருக்கும் அதே அப்பாதானே. முழு லிப்பிட் சோதனை, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றும் பார்த்துவிட்டு அதே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். புகைபிடிப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடிப்பார் என்றால் இந்த 118ஐ விட அதுதான் அவசரம்.

மகளுக்கு உங்கள் மரபணு வந்திருக்க ஏறத்தாழப் பாதி வாய்ப்பு. இப்போது எடுப்பதில் தவறில்லை, அவசரமும் இல்லை. எண் எதுவாக இருந்தாலும் இந்த வயதில் அவளுக்கு எல்பி-ஏக்காக மருந்து தரப்போவதில்லை. வேறு எதற்காவது ரத்தம் எடுக்கும் நாளில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம், ஒரு ஊசிக்குத்து மிச்சம். அவளுக்கு பி12 மட்டும் இப்போதே பாருங்கள். ஒரே சமையலறைதானே.